குடியிருந்தவர் காலி செய்து போய்விட்டார். வீட்டுச் சேதத்துக்குப் பணம் வாங்க முடியுமா?

கேள்வி இது: சென்னை மாடம்பாக்கத்தில் இரண்டு படுக்கையறை வீடு. வாடகை மாதம் 15,000 ரூபாய், அட்வான்ஸ் 45,000. மூன்று வருடம் இரண்டு மாதம் குடியிருந்தவர் போன மாதம் காலி செய்தார். கடைசி மூன்று மாத வாடகை பாக்கியைக் கழித்ததில் அட்வான்ஸ் முடிந்துவிட்டது. சாவி வாங்கி உள்ளே போய்ப் பார்த்தால் சமையல் மேடை கிரானைட் விரிசல் விட்டிருக்கிறது, ஃப்ளஷ் டேங்க் உடைந்திருக்கிறது, அலமாரிக் கதவு தொங்குகிறது, சுவர் முழுக்க ஓட்டை. எல்லாம் சரிசெய்ய 82,000 ஆகும் என்று மேஸ்திரி எழுதிக் கொடுத்திருக்கிறார். குடியிருந்தவர் போனை எடுப்பதில்லை. பணம் கிடைக்குமா, எங்கே போய்க் கேட்பது?

கிடைக்கும். ஆனால் 82,000 கிடைக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரி விவகாரங்களை வக்கீலாகப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். பெரிய தொகையைக் கேட்டுவிட்டு ஒரு ரூபாய்கூட வாங்காமல் விட்டவர்கள் பலர். பாதியைக் கேட்டு அதை முழுதாக வாங்கியவர்களும் உண்டு. அந்தப் பாதியை எப்படிக் கணக்குப் போடுவது என்பதுதான் இந்தப் பதிலின் பெரும்பகுதி.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். 1882-ஆம் வருட சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-ஆவது பிரிவு நேரடியாகவே சொல்கிறது: எடுத்தபோது எந்த நிலையில் இருந்ததோ அந்த நிலையில் திருப்பி ஒப்படைக்க வேண்டும், நியாயமான தேய்மானத்தாலும் தடுக்க முடியாத சக்தியாலும் வந்த மாற்றம் மட்டும் விலக்கு. வெள்ளம் புகுந்து அலமாரி ஊறிப்போனால் குடியிருப்பவர் தலையில் கட்ட முடியாது. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் 2017-ஆம் வருட வாடகைச் சட்டமும் இதையே கேட்கிறது. குடியிருப்பவர் வேண்டுமென்றோ கவனக்குறைவாலோ வீட்டைச் சேதப்படுத்தக் கூடாது, சேதம் நேர்ந்தால் உரிமையாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது.

இந்த 2017 சட்டத்தின் பின்னால் ஓர் அட்டவணை இருக்கிறது. வீட்டு உரிமையாளர்கள் பெரும்பாலும் அதைப் படித்திருக்க மாட்டார்கள். எந்த ரிப்பேர் யார் பொறுப்பு என்று அதில் பிரித்து வைத்திருக்கிறார்கள். கட்டுமானப் பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், தண்ணீர் பைப் மாற்றுவது, ஒயரிங் ஆகியவை உரிமையாளர் பொறுப்பு. திறந்து மூடும் குழாய் (டேப்), வாஷர், அடைத்துக்கொண்ட சாக்கடை, கக்கூஸ், வாஷ் பேசின், கீசர், ஸ்விட்ச், பிளக் பாயிண்ட், பூட்டு, கைப்பிடி, கொசுவலை, ஜன்னல் கண்ணாடி, சமையலறைப் பொருத்துகள் ஆகியவை குடியிருப்பவர் பொறுப்பு. ஒப்பந்தத்தில் தனியாக எதுவும் எழுதிக்கொள்ளாவிட்டால் இந்தப் பிரிவினைதான்.

இதைப் படித்ததும் உங்கள் பட்டியலில் ஒரு பெரிய தொகை அடிபடுவது தெரிந்திருக்கும். பெயிண்ட். 'காலி செய்தால் பெயிண்டுக்கு ஒரு மாத வாடகை பிடித்துக்கொள்வோம்' என்பது சென்னையில் ஊர் வழக்கமாகவே ஆகிவிட்டது. குடியிருப்பவர்களும் பேசாமல் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். எழுதி வைக்காமல் அப்படிப் பிடிப்பது நியாயமில்லை என்று நான் உறுதியாக நினைக்கிறேன். மூன்று வருடத்தில் சுவர் மங்கத்தான் செய்யும். அது வாடகைக்குள் அடங்கிய செலவு.

இப்போது உங்கள் 82,000-த்தை ஒவ்வொன்றாகப் பிரிப்போம். மேஸ்திரி எழுதிக் கொடுத்தது: வீடு முழுக்கப் பெயிண்ட் 38,000; கிரானைட் மேடை 14,000; ஃப்ளஷ் டேங்கும் வாஷ் பேசினும் 9,500; அலமாரிக் கதவுகள் 8,000; கீசர் 6,500; குழாய், பூட்டு 3,000; சுத்தம் செய்ய 3,000.

பெயிண்டில் நீங்கள் கேட்கக்கூடியது ஒரே ஓர் அறைக்கு மட்டும். டிவி ஸ்டாண்டுக்காக டிரில் போட்டதில் பூச்சு பெயர்ந்து, உள்ளங்கை அளவுக்குச் செங்கல் தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதே அறையில் உங்களைக் கேட்காமல் அடர் நீலம் அடித்திருக்கிறார். காலண்டர் ஆணி தேய்மானம். செங்கல் தெரிவது சேதம். பூச்சு வேலைக்கு 1,800, அதை முழுதாகக் கேளுங்கள். அந்த அறைக்குப் பெயிண்ட் 6,000 என்று வைத்துக்கொள்வோம். பெயிண்டுக்கு ஐந்து வருட ஆயுள் என்று எடுத்தால் மூன்று வருடம் ஓடிவிட்டது, மிச்சம் ஐந்தில் இரண்டு பங்கு, அதாவது 2,400. மொத்தம் 4,200. 38,000 எங்கே, 4,200 எங்கே என்று மனம் ஆறாது. ஆனால் பழையது போன இடத்தில் புத்தம் புதிதாக வாங்கிக்கொள்ள எந்த நீதிமன்றமும் விடாது. உங்களுக்கு வந்த நஷ்டம் மிச்சமிருந்த ஆயுள் மட்டும்தான்.

கிரானைட் கதை வேறு. கல்லுக்குத் தேய்மானம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. மேடை மேல் இடிகல் வைத்து இடித்ததில் விரிசல் விழுந்தது என்று பக்கத்து வீட்டு அம்மா சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். விரிசல் நட்சத்திரம் போல ஒரு புள்ளியிலிருந்து கிளம்பியிருக்கிறதா, மேடையின் குறுக்கே நேர்கோடாக ஓடுகிறதா என்று உற்றுப் பாருங்கள். ஒரு புள்ளியிலிருந்து கிளம்பினால் அடி விழுந்த அடையாளம். சிங்க் ஓரத்திலிருந்து நேராக ஓடினால் அடியில் தாங்குசுவர் இறங்கியிருக்கலாம், அப்போது அது கட்டுமானப் பழுது, உங்கள் பொறுப்பு. எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கப்போகும் முதல் கேள்வியே இதுதான். அடி விழுந்ததுதான் என்றால் 12,000 கேட்கலாம். மேடை எட்டு வருடம் பழையது என்பதற்காகக் கொஞ்சம் குறைத்திருக்கிறேன்.

ஃப்ளஷ் டேங்க், பேசின் இரண்டும் அட்டவணைப்படி அவர் பொறுப்பு. ஆனால் மேஸ்திரி போட்ட விலை புது மாடலுக்கு. ஏற்கெனவே இருந்த தரத்துக்கு 7,000 போதும் என்றால் 7,000 மட்டும். அலமாரியில் ஒரு கதவு கீல் பிய்ந்து தொங்குவதற்கு 3,500. இன்னொரு கதவு அடிப்பக்கம் உப்பியிருக்கிறது; அந்த அலமாரி குளியலறைச் சுவரை ஒட்டி இருக்கிறதா? இருந்தால் சுவருக்குள் குழாய் கசிவு இருக்கலாம், அதை விட்டுவிடுங்கள். கீசர் ஏழு வருடம் பழையது. உங்கள் பகுதியின் உப்புத் தண்ணீரில் அதன் 'காயில்' (சூடாக்கும் கம்பிச்சுருள்) போவது சகஜம். ரிப்பேர் அவர் பொறுப்பு என்பதால் காயில் மாற்றும் கூலியோடு 1,500 கேட்கலாம், புதுக் கீசர் கேட்க முடியாது. குழாயில் வெள்ளையாக உப்புப் படிந்திருப்பதையும் சேதமாக எழுதாதீர்கள். பூட்டுக்கும் உடைந்த குழாய்களுக்கும் 3,000 முழுதாக. சுத்தம் செய்வதில் தூசி துடைக்கும் கூலியைக் கேட்கக் கூடாது. அவர் விட்டுப்போன பழைய மெத்தையையும் மூட்டைகளையும் அகற்றிய கூலி 2,000 நியாயம்.

கூட்டினால் 33,200. ரிப்பேர் நடந்ததால் வீட்டை வாடகைக்கு விட முடியாமல் போன நாட்களுக்கும் நஷ்டம் கேட்கலாம். ஆனால் எப்படியும் பெயிண்ட் அடிக்க நாலு நாள் ஆகியிருக்கும். கிரானைட் வேலையால் மட்டும் கூடுதலாக ஆறு நாள் போனது என்றால், நாளுக்கு 500 வீதம் 3,000. ஆக 36,200. 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆவது பிரிவு, மீறலால் இயல்பாக வரும் நஷ்டத்தைத்தான் தரச் சொல்கிறது. நஷ்டத்தைக் குறைக்க உங்கள் பக்கம் முயற்சி செய்தீர்களா என்பதும் பார்க்கப்படும். ஆறு மாதம் வீட்டைப் பூட்டி வைத்துவிட்டு ஆறு மாத வாடகை கேட்டால் நிற்காது.

அடுத்தது சாட்சியம். உங்களிடம் உள்ள பெரிய ஓட்டை இங்கேதான். வீட்டைக் கொடுத்த அன்று போட்டோ எடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போதைய சேதத்தை நூறு படம் எடுத்தாலும், 'நான் வந்தபோதே இப்படித்தான் இருந்தது' என்ற ஒரு வரியில் அவர் தப்பிக்கப் பார்ப்பார். ஆனாலும் கையை விரிக்க வேண்டாம், தேடினால் கிடைக்கும். வாடகைக்கு விடும்போது புரோக்கருக்கு அனுப்பிய படங்கள் போனில் இருக்கும். இணையத்தில் விளம்பரம் போட்டிருந்தால் அதில் இருக்கும். கிரகப்பிரவேச ஆல்பத்தில் சமையல் மேடை தெரியும். அதற்கு முந்தைய பெயிண்ட் பில், அதை அடித்த பெயிண்டர். எல்லாவற்றையும்விட உதவுவது அவருடைய வாட்ஸ்அப். மூன்று வருடத்தில் உங்களுக்கு என்னென்ன புகார் அனுப்பினார் என்று ஆரம்பத்திலிருந்து படியுங்கள். ஹால் ஃபேன் சத்தம் போடுகிறது, மோட்டார் ஓடவில்லை என்றெல்லாம் உடனுக்குடன் எழுதியவர் மேடை உடைந்திருப்பதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை என்றால், அது வந்தபோதே உடைந்திருந்தது என்று சொல்வது கடினம்.

இன்றைய நிலைக்குச் சாட்சியம் சேர்ப்பதில் அவசரம் வேண்டும். ரிப்பேர் தொடங்கும் முன் ஒவ்வோர் அறையையும் வாசலிலிருந்து ஒரு வீடியோ, ஒவ்வொரு சேதத்தையும் பக்கத்தில் அளவு டேப் வைத்து ஒரு படம். மின் மீட்டர் ரீடிங்கும் ஒரு படம்; மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால் அவர் காலி செய்த பிறகு வரும் பில்லில் அவர் பங்கு எவ்வளவு என்று பிரிக்க அது வேண்டும். ஒரு மேஸ்திரி எஸ்டிமேட் போதாது, இரண்டு பேரிடம் வாங்குங்கள், வேலை வாரியாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். உடைந்த கிரானைட் துண்டைத் தூக்கிப் போடாமல் மொட்டை மாடியில் வைத்திருங்கள். படங்களையும் வாட்ஸ்அப் உரையாடலையும் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆவது பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். வக்கீல் தயாரித்துக் கொடுப்பார். அதுவரை அந்தப் பழைய போனை விற்றுவிடாதீர்கள்.

இவ்வளவும் கையில் வந்தபிறகு அவருக்கு எழுதுங்கள். போனில் கத்துவதைவிட எழுதுவது எப்போதும் மேல். எடுத்த எடுப்பில் வக்கீல் நோட்டீஸ் வேண்டாம். நான் கட்சிக்காரர்களுக்கு எழுதிக் கொடுப்பது ஏறக்குறைய இப்படி இருக்கும்: 'வணக்கம். நீங்கள் காலி செய்த அன்று வீட்டில் இருந்த சேதங்களின் படங்களும் இரண்டு எஸ்டிமேட்டும் இணைத்திருக்கிறேன். இயல்பான தேய்மானத்தையும், ஓர் அறையைத் தவிர மற்ற பெயிண்ட் செலவையும் நான் கேட்கவில்லை. மற்றவற்றுக்குப் பொருளின் வயதைக் கழித்து 36,200 ரூபாய் ஆகிறது, கணக்கு கீழே. எதிலாவது உங்களுக்கு மறுப்பு இருந்தால் எதில் என்று எழுதுங்கள், வந்து பார்க்க விரும்பினால் வரும் ஞாயிறு வரை ரிப்பேரைத் தொடங்க மாட்டேன். 15 நாளுக்குள் பதில் எதிர்பார்க்கிறேன்.'

கழித்த தொகையைக் காட்டுவதுதான் இந்தக் கடிதத்தின் உயிர். 'மற்ற பெயிண்ட் செலவையும் கேட்கவில்லை' என்று பார்த்ததும் எதிரே இருப்பவர் கொஞ்சம் இறங்கி வருவார். பேசாமல் இருப்பவர்கள் பலர் கொடுக்கக் கூடாது என்று இருப்பவர்கள் அல்ல, எவ்வளவு கேட்பார்களோ என்ற பயத்தில் இருப்பவர்கள். 'முப்பதாயிரம் தருகிறேன், இரண்டு தவணையாக' என்று அவர் எழுத்தில் பதில் போட்டால் அதைப் பத்திரப்படுத்துங்கள், ஒப்புக்கொள்ளவும் தயாராக இருங்கள்.

பதில் இல்லையென்றால் அதே கணக்கை வக்கீல் மூலம் நோட்டீசாக, ஒப்புகையோடு தபாலில், அவருடைய நிரந்தர முகவரிக்கு அனுப்புங்கள். வாடகைப் பத்திரத்திலும் அவர் தந்த ஆதார் நகலிலும் ஊர் முகவரி இருக்கும். ஏற்க மறுத்துத் திரும்பி வந்தாலும் அந்த உறையைப் பிரிக்காமல் வைத்திருங்கள். உறை திரும்பி வந்ததே ஒரு சாட்சியம்.

அதற்கும் மசியவில்லையா? நீங்கள் கேட்கும் அளவு தொகைக்கு நான் முதலில் சொல்வது மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு. வழக்குப் போடும் முன்பே மனு கொடுக்கலாம், நீதிமன்றக் கட்டணம் கிடையாது. அவர்கள் எதிர்த்தரப்பைக் கூப்பிட்டு லோக் அதாலத்தில் உட்கார வைத்துப் பேசுவார்கள். சமரசம் ஆனால் அந்தத் தீர்வு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், அதன்மேல் அப்பீல் இல்லை. ஆனால் இரண்டு பேரும் சம்மதித்தால்தான் முடியும். போனை எடுக்காதவர், அரசு முத்திரையோடு வரும் கடிதத்துக்கு வந்து உட்காருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அங்கேயும் முடியாவிட்டால் எங்கே போவது என்பது உங்கள் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. 2017 சட்டத்தின் கீழ் ஒப்பந்தத்தைப் பதிவு செய்திருந்தால் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வாடகை அதிகாரி, அதற்கு மேல் வாடகை நீதிமன்றம், வாடகைத் தீர்ப்பாயம் என்று தனி அடுக்கு இருக்கிறது. 11 மாதத்துக்குப் பத்திரம் போட்டால் பதிவே வேண்டாம் என்ற பழைய நம்பிக்கை இந்தச் சட்டத்தின் முன் செல்லாது. பதிவு செய்யாதவர்கள் அந்தப் பத்திரத்தையே சாட்சியமாகக் காட்டுவதில் சிக்கல் வரலாம். எந்தக் கதவைத் தட்டுவது என்பதை உங்கள் காகிதங்களைப் பார்த்து உள்ளூர் வக்கீல்தான் சொல்ல முடியும். உரிமையியல் நீதிமன்றம் என்றால் மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டணம் 2017-இல் 7.5 விழுக்காட்டிலிருந்து 3 விழுக்காடாகக் குறைந்தது. 36,200-க்கு 1,086 ரூபாய். கட்டணம் பாரமில்லை, வாய்தாக்களுக்கு நடக்கும் நாட்களும் வக்கீல் செலவும்தான் பாரம். அதனால்தான் லோக் அதாலத்தை முன்னால் வைத்தேன்.

தீர்ப்பு வந்தும் பணம் தரவில்லை என்றால் 12 வருடம் வரை அதை நிறைவேற்றக் கேட்கலாம். சம்பளக்காரர் என்றால் சம்பளத்தில் முதல் ஆயிரம் ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது, மிச்சத்தை ஜப்தி செய்யலாம்.

செய்யக் கூடாதவற்றையும் சொல்லியாக வேண்டும். அவர் விட்டுப்போன சைக்கிளையோ பீரோவையோ சேதத்துக்கு ஈடாக விற்காதீர்கள். பட்டியல் போட்டு, வந்து எடுத்துக்கொள்ளும்படி எழுதுங்கள். அவர் வேலை பார்க்கும் அலுவலகத்துக்குப் போன் செய்வது, குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் அவர் படத்தைப் போடுவது இரண்டும் உங்கள்மேல் அவதூறுப் புகாராகத் திரும்பலாம். காவல் நிலையத்திலும் 'இது சிவில்' என்றுதான் சொல்வார்கள். பாரதிய நியாய சட்டத்தின் 324-ஆவது பிரிவு சேதம் விளைவிப்பதைக் குற்றமாக்குகிறது என்றாலும், நஷ்டம் உண்டாக்கும் நோக்கமோ நஷ்டம் நேரும் என்ற அறிவோ இருந்தாக வேண்டும். காலி செய்யச் சொன்ன கோபத்தில் சுத்தியலால் பேசினை உடைத்தார் என்றால் அது வேறு. இடிகல்லில் பூண்டு இடித்தது அப்படி அல்ல.

கடைசியாகக் கேட்டிருந்தீர்கள், அடுத்து வருபவரிடம் பத்து மாத அட்வான்ஸ் வாங்கிவிடலாமா என்று. 2017 சட்டம் வைத்திருக்கும் அளவு மூன்று மாத வாடகை. வேறு மாதிரி ஒப்பந்தம் செய்துகொள்ள அது இடம் விட்டாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன். காலி செய்த ஒரு மாதத்துக்குள், கழிக்க வேண்டியதைக் கழித்துத் திருப்பித் தர வேண்டிய பணம் அது. ஒன்றரை லட்சத்தைச் செலவழித்துவிட்டு அன்றைக்குத் தேடுவீர்கள். அட்வான்ஸை உயர்த்துவதைவிட, கடைசி மாத வாடகைகளை அட்வான்ஸில் கழிக்க விடாதீர்கள். இந்த முறை நீங்கள் மாட்டிக்கொண்டதே அதனால்தான்.

தாம்பரத்தில் என் அத்தைக்கு இரண்டு போர்ஷன் உண்டு. யாராவது குடிவரும் நாளில் அத்தை ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்துக்கொண்டு, வருபவரோடு அறை அறையாக நடப்பார். ஃபேன் மூன்று, டியூப் லைட் நாலு, சாவி இரண்டு செட் என்று எழுதுவார். அதோடு 'பின்கட்டு ஜன்னல் கண்ணாடியில் கீறல், ஏற்கெனவே உள்ளது', 'குளியலறை டைல்ஸ் ஒன்று உடைசல், நாங்கள் மாற்றவில்லை' என்று தன் வீட்டின் குறைகளையும் எழுதுவார். கீழே இரண்டு பேர் கையெழுத்து. ஒருமுறை காலி செய்தவர் வாஷ் பேசின் உடைந்ததற்குப் பணம் தர மாட்டேன் என்று வாசலிலேயே நின்று சண்டை போட்டார். அத்தை நோட்டை நீட்டினார். அவர் முதலில் பார்த்தது ஜன்னல் கண்ணாடி வரியைத்தான், தன்மேல் அதையும் ஏற்றியிருப்பார்கள் என்று நினைத்து. 'ஏற்கெனவே உள்ளது' என்று அத்தையின் கையெழுத்திலேயே இருந்தது. கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், பேசினுக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டார்.